சாய்சதுரமா, சாய்ந்த சதுரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் நான்கு உருவங்களை வரைந்து பெயர் கேட்டிருந்தீர்கள். மூன்றாவது, ஒரு மூலையை ஊன்றி நிற்கும் சதுரம். என் பேத்தி 'சதுரம்' என்று எழுதினாள். பின்பக்கத்தில் 'வைர வடிவம், அதாவது சாய்சதுரம்' என்ற விடையைப் பார்த்ததும் அழித்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கத்தை 45 பாகை திருப்பிப் பாருங்கள், சாதாரணச் சதுரம்தான். தாளைத் திருப்பினால் பெயர் மாறிவிடுமா? பேஸ்பால் களத்தின் உள்பகுதியை 'டைமண்ட்' என்கிறார்கள். அதுவோ பக்கத்துக்கு 90 அடி, நான்கு மூலையும் செங்கோணம் கொண்ட அசல் சதுரம். மட்டை பிடிப்பவர் நிற்கும் மூலையிலிருந்து பார்த்தால்தான் டைமண்ட்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'சாய்சதுரம்' என்ற சொல்லே. கேட்டவுடன் சாய்த்து வைத்த சதுரம் என்றுதான் தோன்றும். ஆனால் சாய்ந்திருக்க வேண்டியது படம் அல்ல, பக்கங்கள். நான்கு சம நீளக் குச்சிகளை மூலைகளில் அசையும்படி கோத்து, சதுரமாக்கி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல இழுங்கள். பக்க நீளம் மாறாது, கோணங்கள் மட்டும் மாறும். அதுதான் சாய்சதுரம். இப்படிப் பார்த்தால் பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

சரி, சதுரமும் சாய்சதுரம்தானே என்று கேட்பீர்கள். நான்கு பக்கமும் சமம் என்பதே இன்றைய வரையறை, ஆகவே ஆம். பண்டைய கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிட் ஒப்புக்கொள்ள மாட்டார்; செங்கோணம் இருந்தால் அவர் கணக்கில் அது வேறு உருவம். எப்படியிருந்தாலும், சதுரத்தைக் காட்டி 'இது என்ன' என்று கேட்டால் 'சதுரம்' என்ற விடை எப்படித் தப்பாகும்?

நான்காவது உருவமான பட்டத்தையும் (காற்றாடி வடிவம்; அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமம்) பலர் வைர வடிவம் என்பார்கள். மூலைவிட்டங்கள் 6, 8 செ.மீ. உள்ள சாய்சதுரத்தின் பரப்பு 24 ச.செ.மீ.; அதே மூலைவிட்டங்கள் உள்ள பட்டத்துக்கும் அதே 24தான், இரண்டிலும் அவை செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. ஆனால் சாய்சதுரத்தின் பக்கங்கள் நான்கும் 5 செ.மீ. பட்டத்தில் 8 செ.மீ. மூலைவிட்டம் 2, 6 என்று வெட்டுப்பட்டால், இரண்டு பக்கங்கள் ஏறக்குறைய 3.6, மற்ற இரண்டும் 6.7. 'வைரம்' என்ற ஒரே பெயர் இரண்டையும் மூடிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வைரக்கல்லே இந்த வழக்கில் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. பட்டை தீட்டாத வைரம் பல நேரம் எண்முகியாகக் கிடைக்கும்: எட்டு சமபக்க முக்கோணங்கள், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல. ஒழுங்கான எண்முகியை நிமிர்த்தி, ஒரு முனை நம்மை நோக்கியிருக்கப் பார்த்தால் அதன் வெளிக்கோடு மூலையில் நிற்கும் சதுரம். அப்புறம் நிமிர்ந்த நிலையிலேயே 45 பாகை சுழற்றினால் ஒடுங்கிய சாய்சதுரம். உயரம் அகலத்தைப்போல் ஏறக்குறைய 1.41 மடங்கு.

ஆகவே 'வைர வடிவம்' என்பதைச் சீட்டுக்கட்டுக்கும் நகைக்கும் விட்டுவிடுங்கள். அடுத்த இதழில் மூன்றாவது படத்துக்குச் 'சதுரம்' என்பதும் சரியான விடைதான் என்று ஒரு வரி போட்டால், பேத்தியிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்