தோழிகளுக்கு ஒரு படம்

காவேரிப்பட்டினம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. ‘மகளிர் மட்டும்’ படத்தை டிவியில் பார்த்துவிட்டு அழுது தீர்த்ததாக எழுதியிருந்தாய். 2017இல் வந்ததைத்தானே சொல்கிறாய்? 1994இல் அதே பெயரில் வந்தது சிரிக்க வைத்த படம். இரண்டிலும் ஊர்வசி இருப்பதால் கேட்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லையடி, கோபம்தான் வந்தது. பள்ளித் தோழிகள் மூன்று பேர், திசைக்கு ஒருத்தியாகப் போய்விட்டவர்கள். ஒருத்திக்கு மருமகளாக வரப்போகிறவள் தேடிப்பிடித்துச் சேர்த்து வைக்கிறாள். ஜோதிகா மாதிரி மருமகள் எத்தனை வீட்டுக்கு வாய்க்கும்? அவள் மட்டும் வரவில்லையென்றால் அந்தச் சிநேகிதம் அப்படியே மண்ணாகிப் போயிருக்கும், ஏன் என்று கேட்க நாதியிருந்திருக்காது. ஆம்பளைகளின் நட்பு மட்டும் நம் சினிமாவில் காவியமாகிவிடுகிறது.

‘தளபதி’யையே எடுத்துக்கொள். 1991 தீபாவளிக்கு வந்தது. இப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன், அதில் சந்தேகமில்லை. கலெக்டர் தன் தம்பி என்று தெரிந்த பிறகும் ரஜினியின் சூர்யா, மம்முட்டியின் தேவாவை விட்டு விலகுவதில்லை. அது தெரிய வரும்போது மம்முட்டியின் முகம் மாறும் பார், அதற்கே காசு சரியாகிவிடும். ஆனால் அதில் பானுப்பிரியா ஒருத்தி இருக்கிறாள், ஞாபகம் இருக்கிறதா? புருஷனைக் கொன்ற சூர்யாவுக்கே அவளைக் கட்டி வைக்கிறார்கள், அதை முன்னின்று நடத்துபவர் தேவா. அவர் மனைவியாக கீதா. இந்த இரண்டு பெண்களும் அடுப்படியில் உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள் என்று நான் ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். படத்தில் அதற்கு இடமில்லை. 2017 படத்தில் அந்த மூன்று தோழிகளில் ஒருத்தி இதே பானுப்பிரியாதான். சொந்தமாக ஒரு சிநேகிதி கிடைக்க அவருக்கு 26 வருஷம் ஆகியிருக்கிறது!

‘தளபதி’க்கு மூலம் கர்ணன் கதைதானே, அங்கேயும் அப்படித்தான். 1964இல் வந்த ‘கர்ண’னில் கர்ணனாகச் சிவாஜியும் துரியோதனன் மனைவி பானுமதியாகச் சாவித்திரியும் சொக்கட்டான் ஆடும் இடம். துரியோதனன் வருவதைப் பார்த்து பானுமதி எழுந்திருக்க, கர்ணன் பிடித்து இழுக்க, மேகலை அறுந்து முத்து சிதறும். “எடுக்கவோ கோக்கவோ” என்று துரியோதனனாக வரும் அசோகன் கேட்டதும் தியேட்டரே கை தட்டும். வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூரார் காலத்திலிருந்து நாம் சிலாகிக்கும் இடம் அது. நண்பன் நண்பனைச் சந்தேகப்படவில்லை, பெரிய விஷயம்தான். அந்த ஒரு நொடியில் பானுமதிக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று யார் கேட்டார்கள்?

‘நாடோடிகள்’ கொஞ்சம் வேறு மாதிரி. சிநேகிதனின் காதலைச் சேர்த்து வைக்கப் போய் ஒருவனுக்குக் கால் போகிறது, ஒருவனுக்குக் காது போகிறது. சேர்த்து வைக்கப்பட்ட ஜோடியோ சலித்துப்போய்ப் பிரிந்துவிடுகிறது. உதவி செய்ததோடு கதையை முடிக்காமல் அந்த உதவி கடைசியில் என்ன ஆனது என்று சமுத்திரக்கனி காட்டினாரே, அது எனக்குப் பிடிக்கும். இரண்டாம் பாதியின் கூச்சல்தான் தாங்கவில்லை.

நமக்கு ஏன் படம் இல்லை என்று கேட்டிருந்தாய். நட்பைச் சோதிக்க வேண்டுமென்றால் நம் ஆட்களுக்கு அரிவாள் வேண்டும், ரத்தம் வேண்டும், கடைசி ரீலில் ஒருவன் சாக வேண்டும். நம் சோதனைகளில் யாரும் சாவதில்லை. அதனால் அவர்கள் கண்ணுக்கு அது கதையாகவே படவில்லை.

எனக்கு மட்டும் காசிருந்தால் ஒரு படம் எடுப்பேன், மகளிர் குழுவை வைத்து. எடுத்தால் இந்த மண்ணில்தான் எடுக்க வேண்டும். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்களை முதலில் ஆரம்பித்ததே தருமபுரி மாவட்டத்தில்தான், 1989இல். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல் என்பதால் நம் ஊரும் அப்போது அதற்குள்தான். நான் ஊக்குநராக இருந்து தீர்மான நோட்டு எழுதிய காலம் உனக்குத் தெரியும். இந்தக் கதை நீ திருப்பூர் போன பிறகு நடந்தது.

எங்கள் குழுவில் இரண்டு பேர். ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், தண்ணிக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் ஒன்றாகத்தான். ஒருத்தியின் புருஷன் குழுக் கடனை வாங்கிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். தவணை நின்றது. ஒருத்தி கட்டாவிட்டால் மொத்தக் குழுவுக்கும் அடுத்த கடன் வராது, கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். இன்னொருத்தி யாரிடமும் சொல்லாமல் தோட்டை அடகு வைத்து இவள் பெயரில் கட்டிவிட்டாள். நோட்டு படிக்கும்போது விஷயம் வெளியே வந்தது. இவள் கட்டிப்பிடித்து அழுவாள் என்றுதானே நினைப்பாய்? “என்னைக் கேக்காம எம்பேர்ல நீ எப்படிக் கட்டலாம்?” என்று சண்டைக்கு நின்றாள். அதோடு பேச்சு நின்றது. ஆனால் குழு விதி இருக்கிறதே, வாராவாரம் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். பாயின் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. கடன்பட்டவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள், அதுவும் என் கையில் கொடுத்து. கடைசிக் காசு அடைந்த பிறகும் பேச்சு இல்லை.

அப்புறம் தோடு அடகு வைத்தவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் போய் உட்கார்ந்தது என்கிறாய்? இவள்தான். கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள், தலை வாரி விட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்று அவள் ஒருநாள் கத்த, ஆக்கிப் போடுவதில் குறை வேறு பார்க்கிறாயா என்று இவள் திருப்பிக் கத்த, சரியாகிவிட்டது. நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாளாம்.

இதில் எந்த இடத்தில் பாட்டு வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் படம் இருக்கிறது, இல்லையா?

தகடூரின், அதாவது நம் தருமபுரியின், அதியமானும் ஔவையும் நினைவுக்கு வருகிறார்கள். நெல்லிக்கனிக் கதையைப் பேச்சுப் போட்டிகளில் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டோம். எனக்குப் பெரிதாகப் படுவது அவன் செத்த பிறகு அவள் பாடியது, புறநானூற்றில் 235. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் குடிப்பான் என்று ஆரம்பிக்கிறாள். சாவாமல் இருக்கட்டும் என்று அவன் கனி கொடுத்தான், அவனுக்கு ஒப்பாரி வைக்க அவள் மிஞ்சினாள். இதையும் யாரும் உருப்படியாகப் படமாக்கவில்லை.

சரி, ஊர் சமாச்சாரம். மா இந்த வருஷம் காய்ப்பு சுமார். பெங்களூரா மாங்காய்க்கு என்ன விலை என்பது வழக்கம்போல் கூழ் ஆலைக்காரர்கள் கையில். செந்தூரா ஒரு பெட்டி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், திருப்பூர் பக்கம் வரும் ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்து அனுப்புகிறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், அவள் பின்னால் ஓடுவதில் வலி மறந்துபோகிறது.

ஆடிப்பெருக்குக்கு வருவதாக இருந்தால் முன்னாலேயே போன் பண்ணு. அன்றைக்கு ஒகேனக்கல்லில் கால் வைக்க இடமிருக்காது. முதல் நாளே போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மீன் வாங்கிப் பொரிக்கக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். உன் வீட்டுக்காரருக்கு மீன் ஆகாது என்றால் அவருக்குத் தயிர்சாதம் கட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் சரசு