மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லட்டும்

நலத்திட்ட உதவிகளைக் கொண்டுசேர்ப்பதில் செயற்கை நுண்ணறிவைச் சோதித்துப் பார்க்க அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்ற தலையங்கம் கண்டேன். நிதி தருவதில் மறுப்பில்லை; எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதே கேள்வி. தகுதியானவர் யார் என்று சலித்தெடுக்கும் வேலையைக் கணினிகள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, மாதம் ரூ.1,000 பெற ஒரு கோடிக்கும் அதிகமான பெண்கள் தேர்வாயினர். விடுபட்டோர் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் பெண்மணிக்கு, தனக்கு வந்த குறுஞ்செய்தியைப் படிக்கவே பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி தேவைப்பட்டார். மையத்தில் கிடைத்த பதில்: “சிஸ்டத்துல ரிஜெக்ட்னு காட்டுதும்மா.” வருமானமா, மின் பயன்பாடா, யார் பெயரிலோ ஓடும் காரா? எது தடுத்தது என்று சொல்ல அங்கே ஆளில்லை. (கார் இருந்தால் அவர் ஏன் பாத்திரம் தேய்க்கப் போகிறார்!)

எனவே, முதல் சோதனையை வட சென்னையில் ஒரே ஒரு வட்டத்தில், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை வைத்தே நடத்தலாம். மறுப்புக்கான காரணத்தையும் தர வேண்டிய ஆவணத்தையும் பேச்சுத் தமிழில் சொல்லும் தொலைபேசி வசதி ஒன்று போதும். அது தப்பாகச் சொன்னால் திருத்திக் கொடுக்க, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓர் ஊழியரின் சம்பளத்தையும் அதே நிதியில் சேர்க்க வேண்டும்.

- வாசகர், வியாசர்பாடி, சென்னை-39