அப்பாவின் உயிரைக் காத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மார்கழிக் குளிரில் ஒரு நள்ளிரவு, எங்கள் அப்பாவுக்காக நாகலூரிலிருந்து சேலம் வரை தூக்கம் துறந்த அனைவருக்கும் இந்த மடல். உங்களில் பலரின் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு 52 வயது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் வலி பல வருடங்களாகவே அவருக்கு வந்து வந்து போகும். வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். நாங்களும் அதை நம்பினோம். அன்று வலி விடவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தார். வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் ஜீப்பை எடுத்தார். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், "இதோ திரும்புகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள் பெரியப்பா" என்று சொல்லிச் சொல்லியே திருப்பினார். டீசலுக்குக்கூட அவர் பணம் வாங்கவில்லை. மலையடிவாரத்துக் கோரிமேட்டின் விளக்குகளைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவருக்கு எப்படி நன்றி சொல்வது? அப்பாவின் தொடை இடுக்கையும் தொப்புளையும் தடவிப் பார்த்தார். எங்கும் புடைப்பு இல்லை. "இதற்கு முன் வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா? காற்று பிரிகிறதா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றோம். சிறுகுடல் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் பழைய ஆபரேஷனில் குடல் ஒட்டியிருக்கும், அல்லது வெளியே புடைத்துத் தெரியும் குடலிறக்கம் (ஹெர்னியா) இருக்கும். இரண்டும் இல்லாத அடைப்பை விடியும்வரை விட்டுவைக்கக் கூடாது என்று மூத்த மருத்துவரை அப்போதே அழைத்து, சி.டி. ஸ்கேனுக்கும் அனுப்பினார்.

ஸ்கேனில் குடல் சுருள்கள் இடப்பக்கமாக மூட்டை கட்டியது போலத் தெரிந்தன. வயிற்றுக்குள்ளேயே நடக்கும் குடலிறக்கம் இது என்றார் அறுவை மருத்துவர். கருவில் குடல் சுழன்று தன் இடத்தில் அமரும்போது அதைத் தாங்கும் சவ்வு பின்சுவரோடு ஒட்ட வேண்டுமாம். அப்பாவுக்கு அது ஒட்டாமல், சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலுக்கு இடப்புறம் ஒரு பை போலக் குழிந்துவிட்டது. குடலடைப்போடு வருபவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூட இது இருக்காது. இத்தனை வருடமும் அந்தப் பைக்குள் குடல் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதைத்தான் வாய்வு என்றோம். அன்று உள்ளே போனது திரும்பவில்லை. இப்படி வந்து போகும் வயிற்றுவலியை வாய்வு என்று ஒதுக்குபவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயிற்றைத் திறந்தபோது குடல் கருநீலமாக இருந்ததாம். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் போர்த்திக் காத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு திரும்பியது. ஓர் அங்குலம்கூட வெட்டாமல் பையின் வாயைத் தைத்து மூடிவிட்டார்கள். சில மணி நேரம் தாமதித்திருந்தால் அழுகிய குடலை வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள்.

வார்டில் செவிலியர் அக்கா ஒவ்வொரு காலையும், "காற்று பிரிந்ததா ஐயா?" என்று கேட்பார். நான்காம் நாள் அப்பா கூச்சத்தோடு தலையாட்டினார். தன் தகப்பன் பிழைத்தது போல அவர் முகம் மலர்ந்தது. மூடியில் ஊற்றி முதல் வாய்த் தண்ணீர் கொடுத்ததும் அவர்தான். ரத்தம் கொடுக்க வந்து காத்திருந்த தம்பிகளுக்கும், எனக்குச் சோறு பங்கிட்ட பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் நன்றி.

பத்து நாள் கழித்து வீடு திரும்பினோம். செடியில் பழுத்து உதிர்ந்திருக்கும் என்று நினைத்த காப்பிப் பழமெல்லாம் எங்கள் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இரவுப் பனிக்கு மூடத் தார்ப்பாயும் மடித்து வைத்திருந்தது. பறித்தது யார் என்று இன்றுவரை ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
மகள்,
நாகலூர், ஏற்காடு.