கஞ்சிக்கு வந்தவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, “உங்க ஆளுங்க கஞ்சிக்காகத்தானே மதம் மாறினாங்க” என்று கேட்டதாகவும், உனக்கு வாயடைத்துப் போனதாகவும் சொன்னாய். போனில் பேசித் தீருகிற விஷயமில்லை, அதான் எழுதுகிறேன்.

ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம் நீ. 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது நம் முன்னோர் மிஷன் கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்றார்கள். பசித்தவன் கஞ்சி ஊற்றுகிற இடத்துக்குத்தான் போவான், இதில் வெட்கமென்ன? அப்புறம் மழை பெய்தது, தொட்டியையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஏன் திரும்பிப் போகவில்லை என்று அந்தப் பெண் கேட்கவில்லை, பார்.

மதுரைக்குச் சுவிசேஷம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1606-ல் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அவர் முக்கியமாகத் தேடிப் போனது மேல்சாதிக்காரர்களை. நம் தெருவுக்கு வந்தது வேறு வழியில். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கன் மிஷன்காரர்கள் இங்கே வந்தார்கள். புத்தகங்களில் பாதிரிமார் பெயர்தான் இருக்கும். வீடு வீடாக நடந்தது நம் ஊர்ப் பெண்கள், ‘பைபிள் உமன்’ என்பார்கள். அவர்களில் ஒருத்திதான் உன் பூட்டிக்கு, அதாவது என் அப்பத்தாவுக்கு, திண்ணை மணலில் அ, ஆ எழுதிக் காட்டியது. வேதத்தை அவளே வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாடம்.

அப்பத்தா வேதத்தோடு நிற்கவில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து வரும் கடிதங்களை எல்லாம் தெருவில் அவள்தான் வாசிப்பாள். வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே படிப்பாள். கெட்ட செய்தி என்றால் முதலில் மனசுக்குள் படித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவளிடம், “தண்ணி குடிச்சியாத்தா?” என்பாள். தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதுமே அழுகை வந்துவிடும். அப்பத்தாவின் அம்மாவை, எழுத்து இருக்கிற எதன் பக்கமும் அண்டவிட மாட்டார்களாம்.

இதையெல்லாம் பள்ளிக்கூடம் செய்தது, சுவிசேஷம் இல்லை என்று நீ வாதாடுவாய். எனக்கு அவை இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பைபிள் உமனை வெயிலில் நம் தெருவுக்கு நடத்திக் கூட்டிவந்தது எது?

உன்னிடம் கேட்ட அந்தப் பெண்ணிடம் ஒன்றை மட்டும் மறைக்காதே. சாதியை விடாதவர்களுக்குத் திருவிருந்து, அதாவது கோயிலில் கொடுக்கிற அப்பமும் ரசமும், கிடையாது என்று 1847-லேயே மிஷன் கறாராகச் சொன்னது. உபதேசிமார் உட்படப் பலர் சபையை விட்டே போனார்கள். இன்றைக்கும் பெண் பார்க்கும்போது, “நாங்க சிஎஸ்ஐ” (தென்னிந்தியத் திருச்சபை) என்று சொன்னதும் அடுத்த கேள்வி, “அதுல யாரு?” என்ன சாதி என்று அர்த்தம். ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆன வீட்டிலும் இதே கேள்விதான். உன் சித்தப்பா வீட்டில் போன மாதம் நடந்ததை அம்மா சொல்லியிருப்பாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கஞ்சியைப் பற்றிக் கேட்டவளிடம் இதையும் நீயே சொல்லிவிடு. அவள் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்காதே.

சபை அசன விருந்துக்கு இந்த வருஷமாவது லீவு போடு. டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, வைகையில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா