வெற்றேடு தந்த கைகளுக்கு

பேரன்புடையீர்,

எங்கள் உள்ளகப் பயிற்சி பாதியில் நின்றுபோன கதையைத் துறையில் அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் விரிக்க மனமில்லை. நேற்று மாலை வருகைப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகே எங்கள் எண்மருக்கும் மூச்சு வந்தது.

குறுகிய காலத்தில் எங்களை ஏற்றுக்கொண்ட ஓலைச்சுவடி நூலகத்தாருக்கும், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிய துறைத்தலைவருக்கும், பேருந்துச் செலவுக்கு உதவிய முன்னாள் மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. ஆயினும் இம்மடல் பெரிதும் உரியது, அங்கே ஏடுகளுக்கு எண்ணெய் பூசும் அம்மாவுக்கு.

சீவக சிந்தாமணி 1887இல் சுவடியிலிருந்து அச்சேறிய வரலாற்றைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய எங்களால், முதல் வாரத்தில் ஓர் ஏட்டின் ஒரு வரியைக்கூடப் படிக்க இயலவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். ‘கொடு’ என்பதையே ‘கோடு’ என்றும் ‘கெரடு’ என்றும் படிக்க இடமிருந்தது. நாங்கள் விழிப்பதைப் பார்த்த அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தம் வீட்டிலிருந்து ஒரு கட்டு வெற்றேடுகளையும் பழைய எழுத்தாணி ஒன்றையும் கொண்டுவந்து, உணவு இடைவேளையில் எங்களை உட்காரவைத்து, “நீங்களே புள்ளி வச்சுப் பாருங்க பிள்ளைகளா” என்றார். மூன்றாவது புள்ளியில் ஏடு பொத்துக்கொண்டது. ஏடெழுதியோர் புள்ளியை ஏன் விட்டார்கள் என்பது அந்தக் கணத்தில் விளங்கியது. கீறிய எழுத்தின் மேல் விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவித் துடைக்கவும், வரி கறுத்து எழுந்துவந்தபின் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் துணியில் தொட்டு நார்ப்போக்கிலேயே பூசவும் அவர்தாம் கற்றுத்தந்தார். பதினைந்து நாள், தம் சோற்று நேரத்தை எங்களுக்குத் தந்தார்.

எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் கையெழுத்திட ஓர் இடம் இல்லை என்பது எங்களுக்கு உறுத்துகிறது. எனவே பயிற்சி அறிக்கையின் நன்றியுரையில் முதற்பெயராக அவர் பெயரையே எழுதியிருக்கிறோம். படியெடுத்து முடிக்காமல் விட்ட மருத்துவச் சுவடியைச் சனிக்கிழமைகளில் வந்து முடித்துத் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அம்மா, வெற்றேடுகளில் நான்கு மிச்சமிருக்கின்றன. எழுத்தாணியோடு வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர் எண்மர்,
தஞ்சாவூர்.