1939ஆம் ஆண்டுப் பாட்டை அதன் சுருதியிலேயே விடுங்கள்

பழைய பிரிட்டிஷ் படங்களை டிஜிட்டலாக்கி வட்டிலும் தொலைக்காட்சியிலும் வெளியிடுவோருக்கு,

வணக்கம். கள்ளநோட்டுக் கும்பலைத் துரத்தும் அச்சகத் தொழிலாளியாக ஆங்கில நகைச்சுவைப் பாடகர் ஜார்ஜ் ஃபார்ம்பி நடித்த, லண்டன் ஈலிங் ஸ்டுடியோவின் 1939ஆம் ஆண்டுப் படம் ‘டிரபிள் புரூயிங்’. துப்பறியும் கதை ஒரு சாக்குத்தான். படத்தின் உயிர் அவர் பாடும் பாட்டிலும் கையிலுள்ள பாஞ்சோலேலேயிலும் (பாஞ்சோவும் உகுலேலேயும் கலந்த சின்னத் தந்தி வாத்தியம்) இருக்கிறது. இந்த மாதிரிப் படங்களை டிஜிட்டலாக்கும்போது முதலில் கெடுவதும் அதுதான்.

நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்ததைத் தொலைக்காட்சிக்காக 25இல் ஓட்டினால், 87 நிமிடப் படம் 83½ நிமிடத்தில் முடிந்துவிடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சுருதி சுமார் 0.7 செமிடோன், அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட, ஏறிவிடுகிறது. 440 ஹெர்ட்ஸ் 458 ஆகிறது. பாட்டு எந்தக் கட்டையிலும் உட்காராமல் நடுவில் தொங்குகிறது. கூடவே வாசித்துப் பழகுகிறவர் என்ன செய்வார்? ப்ளூ-ரேயில் 24ஆகவே விடுங்கள். வேகம் கூட்டிய டேப் மட்டுமே மிஞ்சியிருந்தால், படத்தையும் ஒலியையும் சேர்த்து 96 சதவீத வேகத்துக்கு இறக்குங்கள். சந்தேகமா? பேச்சில்லாத இடத்தில் அடியில் ஓடும் மின்சார ஹம்மை அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அலைவரிசைப் படத்தில் அதன் கோடு 52 ஹெர்ட்ஸில் தெரிந்தால் வேகம் ஏறியிருக்கிறது.

இதைவிடக் கொடுமை இரைச்சல் நீக்கம். பாஞ்சோலேலே தோல் போர்த்த வாத்தியம்; ஒவ்வொரு மீட்டும் கூர்மையாக எழுந்து சட்டென்று அடங்கும். ‘டிக்’ சத்தங்களைத் தானாகவே அழிக்கும் கிளிக் நீக்கி மென்பொருளுக்கு அதுவும் பிலிம் கீறலும் ஒன்றுதான். மீட்டலின் முனையை அது தின்றுவிட, பஞ்சு மூட்டையைத் தட்டும் சத்தம்தான் மிஞ்சுகிறது. பாட்டு வரும் இடங்களில் தானியங்கியை நிறுத்திவிட்டு, கிளிக்குகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுங்கள். தேடுவதும் கஷ்டமில்லை: 35 மி.மீ. பிரதியில் ஒலி படத்துக்கு ஏறக்குறைய 20 ஃப்ரேம் முன்னால் அச்சாகியிருக்கும். புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் இடம் படம் காட்டும் இடத்தைத் தாண்டி அதே தூரத்தில் இருப்பதுதான் காரணம். அதனால் பிலிமில் ஒட்டுப்போட்ட இடத்தின் ‘டப்’ சத்தம், படம் குதித்து முக்கால் நொடிக்குச் சற்று மேல் கழித்துத்தான் கேட்கும்.

அகலத்திரைக்காகப் படத்தை வெட்டவே வேண்டாம். உயரத்தைப்போல் 1.37 மடங்கு அகலமுள்ள படத்தை வெட்டி 16:9 திரையை நிரப்பினால் உயரத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். இடுப்பளவு ஷாட்டில் மீட்டும் வலக்கை கீழ்விளிம்பை ஒட்டியே இருப்பதால், முதலில் பறிபோவது அந்தக் கைதான்.

எந்தப் பிரதி, எந்த வேகம், ஒலியில் என்ன செய்தீர்கள் என்று அடுத்த வெளியீட்டின் உறையிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களின் ஒலியைச் சீர்செய்வோர் சிலர்