குளூஃப் பள்ளத்தாக்கும் பழைய தண்டவாளமும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பனில் ஞாயிறு என்றால் பிரியாணிப் பானையோடு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். ஒரு ஞாயிறையாவது, டர்பனுக்கு மேற்கே மேட்டில் இருக்கும் குளூஃப் ஊர்ப் பக்கம் திருப்பும்படி உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து காரில் அரை மணி நேரம்தான். கிரான்ஸ்குளூஃப் காட்டுக்குள் நுழைந்ததுமே வெயில் மறைந்துவிடும். மோல்வேனி ஆறு ஏறக்குறைய 90 மீட்டர் ஆழத்துக்குப் பாறையிலிருந்து விழுகிறது. அடிவாரம் வரை ஒற்றையடிப் பாதை உண்டு. இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். கல்லெல்லாம் பாசி பிடித்திருக்கும், செருப்போடு போகாதீர்கள். தனியாகவும் போக வேண்டாம்.

ஆனால் என் மனம் நின்றது மேலே, குளூஃப் ரயில் நிலையத்தில். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு 1880இல் போய்ச் சேர்ந்த பழைய பாதை இந்த வழியாகத்தான் போகிறது. 30 அடி நடந்தால் ஓரடி உயரும் ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. இது கடினம் என்றுதான் பின்னர் வேறு பாதை போட்டார்கள். பழைய பாதையில் தன்னார்வலர்கள் நீராவி ரயிலை இஞ்சாங்கா என்ற நிலையம் வரை ஓட்டி வந்தார்கள். ஓடும் நாளை முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ரயிலில் பேரப்பிள்ளைகளோடு போனேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்ட பெரியவர், "உங்கள் குடும்பத்தில் யாராவது ரயில்வேயில் இருந்தார்களா?" என்று கேட்டார். என் ஆயாவின் அப்பா தண்டவாளத்தில் ஜல்லி கொட்டியவர். டர்பன் ரயில்வே பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு படம்கூட இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் டர்பனில் ஓடியது 1860 ஜூனில். அதே ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி நம் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இப்படிக் கூலி வேலை ஒப்பந்தத்தில் வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக் கதை நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அன்று டர்பன் இருந்த நேட்டால் காலனியின் அரசு ரயில்வேக்குப் போனவர்களின் கதையோ தேய்ந்துகொண்டே வருகிறது.

யார் வீட்டுப் பெட்டியிலாவது ரயில்வேக்காரத் தாத்தாவின் படமோ, கப்பல் பெயரும் குடியேற்ற எண்ணும் உள்ள தாளோ இருந்தால், அதை நகல் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி இதழில் ஓர் அறிவிப்பு போடுவீர்களா? சேர்ந்ததை இஞ்சாங்காவில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தாரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்